பந்து ஆகாது, குண்டு ஆகும்

ஒரு பல்கலைக்கழகத்துக்கு எது தகும், எது தகாது என்று சந்தேகம் வந்தால் சிகாகோ பல்கலைக்கழகத்தாரைத்தான் கேட்க வேண்டும். 1939 டிசம்பரில் அதன் அறங்காவலர்கள் கூடிப் பேசி, கால்பந்து தகாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். முரட்டு ஆட்டம், காசு பிடுங்கும் ஆட்டம், படிப்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அப்படியே ஆகட்டும். 1942 டிசம்பரில், ஆட்டம் நின்று ஆளரவமற்றுக் கிடந்த அதே மைதானத்தின் மேற்கு கேலரிக்கு அடியில் அணுகுண்டுக்கான முதல் அடுப்பைப் பற்றவைத்தார்கள். அது தகும். அதற்கு அறங்காவலர் கூட்டம்கூடத் தேவைப்படவில்லை.

மைதானத்தின் பெயர் ஸ்டாக் ஃபீல்டு. நம்மூர்க் கால்பந்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் பத்துப் பேர் பாய்ந்து வீழ்த்தும் அமெரிக்க ஆட்டம் அது. ராக்ஃபெல்லரின் எண்ணெய்ப் பணத்தில் பல்கலைக்கழகம் பிறந்தபோதே ஆட்டமும் கூடப் பிறந்துவிட்டது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் 1892-இல் அமோஸ் அலான்சோ ஸ்டாக் என்பவரைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்து, பேராசிரியர்களுக்கு உரிய நிரந்தரப் பதவியையும் கொடுத்தார். இறையியல் படிக்கப் போனவர் ஸ்டாக். பிரசங்கம் வரவில்லை என்று பந்தைப் பிடித்துக்கொண்டார், 41 பருவங்கள் அதை விடவில்லை. நிலம் கொடுத்தவர் மார்ஷல் ஃபீல்டு என்ற பெருவணிகர் என்பதால் மைதானம் முதலில் அவர் பெயரில் இருந்தது, பிறகு ஸ்டாக் பெயருக்கு மாறியது. மேற்கு கேலரியைக் கோட்டை மதில் மாதிரி, கொத்தளம் வைத்துக் கட்டினார்கள். உள்ளே உட்கார்ந்து வேர்க்கடலை கொறிக்கிறவனுக்குத் தான் இடைக்காலப் பிரபு என்று தோன்ற வேண்டாமா? நல்ல காலத்தில் சனிக்கிழமைதோறும் ஐம்பதாயிரம் பேர் அங்கே கத்தினார்கள். 1905-இல் மிச்சிகனை 2-0 என்று வீழ்த்தியதும், 1935-இல் ஜே பெர்வாங்கர் முதல் ஹைஸ்மன் கோப்பையை வாங்கியதும் இந்தப் புல்லில் வளர்ந்த பெருமைகள்.

1929-இல் ராபர்ட் மேனார்ட் ஹச்சின்ஸ் தலைவரானார். வயது 30. பெரும் நூல்களைப் படிக்க வைத்தால் மனிதன் திருந்திவிடுவான் என்று உண்மையாகவே நம்பியவர். எழுபது வயதாகிவிட்டதென்று ஸ்டாக்கை 1932-இல் ஓய்வுக்கு அனுப்பினார்கள். கிழவர் வேறு கல்லூரிக்குப் போய்ப் பயிற்சியைத் தொடர்ந்து, 102 வயதுவரை வாழ்ந்து பழிதீர்த்துக்கொண்டார். அவர் போன பிறகு அணி கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். 1939-இல் ஹார்வர்டிடம் 61-0. ஓஹாயோ ஸ்டேட்டிடம் 61-0. மிச்சிகனிடம் 85-0. ஹச்சின்ஸ் முந்தைய ஆண்டே பத்திரிகையில் எழுதியிருந்தார்: கல்லூரிகள் டிக்கெட் வசூலுக்கும் வெட்டிப் புகழுக்கும் அலைகின்றன, கல்வி தெருவில் நிற்கிறது என்ற பொருளில். 85-0 அவருக்கு வாதத்தை முடித்துக் கொடுத்தது. ஆட்டத்தை ஒழித்தார்.

இதில் ஹச்சின்ஸ் பக்கம்தான் நியாயம். இன்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் கால்பந்துப் பயிற்சியாளருக்குத்தான். துணைவேந்தரும் ஆளுநரும் அவருக்குக் கீழே. மாணவன் மூளை கலங்கி விழுவதைப் பார்க்க லட்சம் பேர் டிக்கெட் வாங்கும் இடத்தைக் கல்விக்கூடம் என்று சொல்ல ஹச்சின்ஸுக்கு நா எழவில்லை என்றால், அது அவருக்குப் பெருமைதான். அந்த நுண்ணிய நாக்கு மூன்று ஆண்டு கழித்து எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி. போகவில்லை. அதனிடம் யாரும் கேட்கவே இல்லை.

போர் வந்தது. அணுப்பிளவைக் கண்டவர்கள் ஜெர்மானியர்கள். ஹிட்லர் கையில் குண்டு போய்விடுமோ என்ற பயம் பொய்யில்லை. அணுவை ஆராய வளாகத்தில் ஓர் அமைப்பு தொடங்கி, 'உலோகவியல் ஆய்வகம்' என்று பெயர் வைத்தார்கள். பொறுப்பாளர் ஆர்தர் காம்ப்டன், 1927-இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். அணு உலையை ஊருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டுவதாகத்தான் திட்டம். ஊருக்கு வெளியே ஏன் என்றால், வெடித்தால் ஊர் மிஞ்ச வேண்டும் என்ற சாதாரணப் புத்தி. ஆனால் அங்கே கட்டடத் தொழிலாளர் தகராறு, வேலை இழுத்தது. உலையைக் கட்டும் பொறுப்பிலிருந்த இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி கணக்குப் போட்டுப் பார்த்து, இங்கேயே கட்டிவிடலாம், ஒன்றும் ஆகாது என்றார். காம்ப்டன் சரி என்றார். இடம், மேற்கு கேலரிக்கு அடியில் இருந்த ஸ்குவாஷ் ஆடுகளம். ஊர், அன்றைக்கு 34 லட்சம் பேர் வாழ்ந்த சிகாகோ, அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரம்.

நிறுவனத்தின் தலைவர் ஹச்சின்ஸிடம் காம்ப்டன் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பிறகு அவரே எழுதி வைத்தார். சட்டம் படித்த ஹச்சின்ஸால் இதன் ஆபத்தை எடைபோட முடியாது, கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், அந்தப் பதில் தவறாக இருந்திருக்கும், ஆகவே கேட்கவில்லை. வேண்டாம் என்பவனிடம் கேட்காமல் இருப்பதே அறிவியல் முறை போலும். கேலரிக்கு எதிர்வீட்டில் குழந்தைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவளுக்கு மட்டும் அந்த எடைபோடும் திறன் இருந்திருக்கப் போகிறதா? அவளையும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே உலையை ஒரு நகரத்துக்குள் மறைத்தார்கள்.

கட்டிய கதை அதைவிட அழகு. நவம்பர் 16-இல் ஆரம்பித்து, இரண்டு ஷிஃப்ட் போட்டு, இரவும் பகலும் அடுக்கினார்கள். பென்சிலுக்குள் இருக்கிற கிராஃபைட் சுமார் 45,000 கட்டிகள், எடை ஏறத்தாழ 350 டன். நடுவே யுரேனியமும் யுரேனிய ஆக்சைடும். 57 அடுக்கு. செலவு சுமார் 27 லட்சம் டாலர். சுமக்க ஆள் வேண்டுமே? இறைச்சிக்கூடங்களை ஒட்டியிருந்த 'பேக் ஆஃப் தி யார்ட்ஸ்' பகுதியிலிருந்து, பள்ளியை விட்டு நின்று பட்டாள அழைப்புக்காகக் காத்திருந்த பையன்களைக் கூலிக்குப் பிடித்தார்கள். கரி படிந்து, சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர்களைப் போல் அவர்கள் வெளியே போனார்கள். என்ன கட்டுகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பெரும் நூல்களைப் படித்தால்தான் மனிதன் என்று சொன்ன வளாகத்துக்குள், படிப்பை விட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே நுழைவுச்சீட்டு அது. உலையை மூட சதுர வடிவத்தில் ஒரு ராட்சத ரப்பர் பலூன் செய்து தரும்படி குட்இயர் கம்பெனியிடம் கேட்டார்கள். சதுரப் பலூன் எப்படிப் பறக்கும் என்று கம்பெனிக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு செய்து கொடுத்தார்கள்.

காவலாளிகளின் உடுப்பை விட்டுவிட மனமில்லை. கேலரிக்கு அடியில் கணப்பு கிடையாது, டிசம்பர்க் குளிர் எலும்பைக் கடிக்கிறது. பழைய கால்பந்துக் காலத்தில் மிச்சமாகிப் பூட்டிக் கிடந்த ராக்கூன் ரோமக் கோட்டுகள் அகப்பட்டன. அவற்றை மாட்டிக்கொண்டு காவலர்கள் உலகின் மிகப் பெரிய ரகசியத்தைக் காத்தார்கள். கால்பந்து ஒழிந்தது, கோட்டு ஒழியவில்லை. ஆட்டம் அறிவுக்கு இழுக்கு, ஆட்டத்தின் மேல்சட்டை அணுகுண்டுக்குக் கதகதப்பு.

பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கேட்டால் நம்மூர்ப் பட்டாசு ஆலை முதலாளிகள்கூடப் பெருமூச்சு விடுவார்கள். கதிர்வீச்சைத் தடுக்கச் சுவர் கிடையாது. குளிர்விக்க ஏற்பாடு கிடையாது. மேலே ஒரு காட்மியக் கம்பியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, நார்மன் ஹில்பெரி என்ற இயற்பியலாளர் கையில் ஒரு கோடாலியைக் கொடுத்து நிறுத்தினார்கள். நிலைமை மீறினால் கயிற்றை வெட்ட வேண்டும். கம்பி விழும், வினை நிற்கும். விழாவிட்டால்? உலைக்கு மேலே ஒரு மேடையில் மூன்று இளைஞர்கள் காட்மியக் கரைசலோடு நின்றார்கள். ஊற்றிவிட வேண்டியது. தற்கொலைப் படை என்று தங்களுக்குள் பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்கள். ஆக, 34 லட்சம் பேருக்குக் காப்பு ஒரு கோடாலியும் வாளியும். கால்பந்து வீரனுக்குக்கூடத் தலைக்கவசம் கொடுத்திருந்தார்கள்.

1942 டிசம்பர் 2, பிற்பகல் 3.25. தொடர்வினை தானாக நடக்க ஆரம்பித்தது. 28 நிமிடம் ஓடியது. கிடைத்த ஆற்றல் அரை வாட், ஒரு டார்ச் விளக்கு முனகக்கூடப் போதாது. யூஜின் விக்னர் ஒளித்து வைத்திருந்த இத்தாலிய ஒயின் புட்டியை எடுத்தார். காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் குடித்தார்கள், புட்டியின் உறையில் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் போன பிறகு லியோ சிலார்ட் ஃபெர்மியின் கையைக் குலுக்கி, மனிதகுல வரலாற்றில் இது கறுப்பு நாளாக எழுதப்படும் என்று சொன்னார். சொன்னவர் யார் தெரியுமா? இந்த வினையை முதலில் கற்பனை செய்தவரும் அவர்தான், குண்டு செய்யும்படி ரூஸ்வெல்ட்டுக்குப் போன ஐன்ஸ்டைனின் கடிதத்தை உந்தியவரும் அவர்தான். கண் திறந்தே கிணற்றில் இறங்கியவர். இறங்கியதை ஒப்புக்கொண்டவர் என்ற அளவில் அவருக்கு ஒரு கும்பிடு.

ஹிட்லரை எடுத்துக்காட்டி வாயடைப்பவர்கள் இப்போது எழுந்திருப்பார்கள். உட்காருங்கள். 1942-இல் அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. 1944 முடிவதற்குள், ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்பது ஐரோப்பாவில் துழாவிய அமெரிக்கக் குழுவுக்கே தெரிந்துவிட்டது. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. யாருக்குப் பயந்து செய்தோமோ அவன் செத்தான், செய்ததை மட்டும் வீணாக்க மனம் வரவில்லை. அந்த ஜூனில் இதே சிகாகோ ஆய்வகத்தில் ஜேம்ஸ் ஃப்ராங்க் தலைமையில் ஏழு பேர் ஓர் அறிக்கை எழுதினார்கள்: முன்னறிவிப்பில்லாமல் ஊர் மேல் போடாதீர்கள், முதலில் ஆளில்லாத இடத்தில் வெடித்துக் காட்டுங்கள். ஜூலையில் சிலார்ட் ஒரு மனு தயாரித்தார், 70 பேர் கையெழுத்திட்டார்கள். குண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் க்ரோவ்ஸ் அதைப் பத்திரமாகத் தேக்கி வைத்தார், அதிபர் ட்ரூமன் கண்ணில் அது படவே இல்லை. அரசு ஆலோசனை கேட்ட அறிவியல் குழுவில் நான்கு பேர். அதில் இரண்டு பேர் நம் கேலரிக்காரர்கள், காம்ப்டனும் ஃபெர்மியும். வெடித்துக் காட்டுவதால் போர் முடியும் என்று தோன்றவில்லை, நேரடியாக ராணுவத்துக்குப் பயன்படுத்துவதைத் தவிர ஏற்கத்தக்க வழி தெரியவில்லை என்று அந்த நால்வரும் எழுதிக் கொடுத்தார்கள். உலகத்திலேயே கெட்டிக்கார மூளைகள். தெரியவில்லையாம்.

ஹிரோஷிமாவில் விழுந்தது யுரேனியக் குண்டு, அதற்கும் இந்த உலைக்கும் உறவு கொஞ்சம் தூரம். நாகசாகியில் விழுந்த புளூட்டோனியக் குண்டுதான் கேலரியின் நேர் வாரிசு. இங்கே அரை வாட்டில் பழகிய வித்தையைக் கொண்டு ஹான்ஃபோர்டில் பேருலைகள் கட்டி, அவற்றில் விளைந்த புளூட்டோனியத்தைத் திரட்டி, 1945 ஆகஸ்ட் 9 காலை 11.02-க்குப் போட்டார்கள். விழுந்தது உரகாமி பள்ளத்தாக்கில். அங்கே, வெடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் உள்ளே, நாகசாகி மருத்துவக் கல்லூரி. மரக் கட்டட வகுப்பறைகளில் மாணவர்கள் விரிவுரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர்கள், மாணவர்கள், செவிலியர்கள் என்று 850-க்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கல்லூரியில் மட்டும் மாண்டார்கள். ஆண்டு முடிவதற்குள் நாகசாகியில் சுமார் 74,000 பேர், ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேர். பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று அன்பளிப்பு அனுப்புவது வழக்கம். புத்தகம் அனுப்புவார்கள், வருகைதரு பேராசிரியரை அனுப்புவார்கள். சிகாகோ அனுப்பிய அன்பளிப்பு வகுப்பு நடக்கும் நேரம் பார்த்து வந்து சேர்ந்தது.

பிறகு இடிப்பு. 1957-இல் மேற்கு கேலரியைக் கொத்தளத்தோடு தரைமட்டமாக்கினார்கள். மிச்ச மைதானத்தையும் அள்ளிவிட்டு அங்கே ரீஜன்ஸ்டைன் நூலகத்தை எழுப்பி 1970-இல் திறந்தார்கள். கேலரி உயிரோடு இருந்திருந்தால் யாராவது பள்ளிப்பிள்ளை அதற்குள் போய், 'இங்கே என்ன செய்தார்கள்?' என்று கேட்டிருக்கும். நூலகத்தில் சத்தம் போட்டுக் கேட்கக்கூடாது.

அந்த நூலகத்தோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவிலேயே பெரிய தமிழ் நூல் தொகுப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது. ஏ.கே. ராமானுஜன் சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனது அந்த வளாகத்தில் இருந்தபடிதான். வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் அறுபது ஆண்டுகளுக்கு அருகில் அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். பெருமைப்படலாம், பட்டுக்கொண்டே புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டை அந்த அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கலாம். அம்பு விடும் முன்பு முதுகுடுமிப் பெருவழுதி ஊருக்கு அறிவிக்கிறான்: பசுக்கள், பார்ப்பனர், பெண்டிர், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள் எல்லாரும் காப்பான இடம் பார்த்துப் போய்ச் சேருங்கள். அந்தப் பட்டியலில் விடுபட்டவர்கள் யார் யார் என்பது நமக்குள் தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. ஆனால் ஃப்ராங்க் குழு மன்றாடிக் கேட்டது இவ்வளவுதானே? ஒரு முன்னறிவிப்பு. அம்பு காலத்து அரசனுக்குத் தெரிந்தது, நோபல் வாங்கிய கைகளுக்குத் தெரியவில்லை.

உலை இருந்த இடத்தில் இப்போது ஹென்றி மூர் வடித்த வெண்கலச் சிலை நிற்கிறது. சரியாக 25 ஆண்டு கழித்து, 1967 டிசம்பர் 2 அன்று திறந்தார்கள். ஒரு பக்கம் பார்த்தால் மண்டையோடு, இன்னொரு பக்கம் காளான் மேகம். மூர் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தின் ஆரம்பகால ஆதரவாளர், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனார். அருகில் உள்ள தகடுதான் தலைசிறந்த இலக்கியம். இந்த இடத்தில் மனிதன் முதல்முறையாகத் தொடர்வினையைச் சாதித்து, அணு ஆற்றலைக் கட்டுப்பாட்டோடு வெளிக்கொணரும் காலத்தைத் தொடங்கிவைத்தான் என்கிறது. நாகசாகி இல்லை, ஹிரோஷிமா இல்லை, குண்டு என்ற சொல்லே இல்லை. மனிதனாம். எந்த மனிதன்? கரி சுமந்த பையனா, கோடாலி பிடித்தவரா, விரிவுரை கேட்டபடி எரிந்த மருத்துவ மாணவனா? இதே சிலையின் சிறிய முன்மாதிரி ஒன்று ஹிரோஷிமா நகரின் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே அதற்கு விளக்கத் தகடு எதுவும் தேவைப்படாது.

இதற்கு நடுவே கால்பந்து மெல்லத் தலைகாட்டியது. வளாகம் கொதித்தெழுந்தது. 1963-இல் ஓர் ஆட்டத்தை நிறுத்த சுமார் 200 மாணவர்கள் ஸ்டாக் ஃபீல்டின் புல்லில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள், போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. தங்கள் கல்விக்கூடத்தின் மாண்பு பந்தால் கெட்டுவிடக்கூடாது என்ற ஆவேசம். உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் உலை இருந்தது. 1969-இல் ஆட்டம் முறைப்படி திரும்பியது, வேறொரு மூலையில், அதே ஸ்டாக் பெயரில், சின்னதாக.

2017-இல் 75-ஆம் ஆண்டு. மறக்க விடுவார்களா? சாய் குவோ-சியாங் என்ற புகழ்பெற்ற வெடிக்கலைஞரை அழைத்து, டிசம்பர் 2, பிற்பகல் 3.25-க்கு, நூலகக் கூரைக்கு மேலே வண்ண வண்ணமாக ஒரு காளான் மேகத்தை எழுப்பினார்கள். கூட்டம் கீழே நின்று செல்பேசியில் படம் பிடித்தது. கலைஞருக்கு அவர் தரப்பு விளக்கம் இருக்கலாம், கலைஞர்களுக்கு எப்போதும் இருக்கும். செலவழித்து அழைத்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்: நாகசாகியில் தப்பிப் பிழைத்தவர்களின் சராசரி வயது அன்றைக்கு 80-ஐத் தாண்டியிருந்தது, அவர்கள் பார்த்த மேகத்தில் எந்த வண்ணம் குறைகிறது என்று நீங்கள் சேர்த்தீர்கள்?

உலையின் உடம்பு என்ன ஆயிற்று என்பது பாக்கி. 1943-இலேயே அதைப் பிரித்து, முதலில் நினைத்த ஆர்கான் காட்டுக்கே கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். 1954-இல் நிறுத்தி, அங்கேயே புதைத்தார்கள். இப்போது ரெட் கேட் உட்ஸ் என்ற பெயரில் பொதுமக்கள் உலாவும் காடு அது. சைக்கிள் விடுகிறார்கள், நாயை நடத்திப் போகிறார்கள். கழிவு புதைத்த இடத்தின் மேல் எரிசக்தித் துறை ஒரு கல்லை நட்டிருக்கிறது. கீழே கதிரியக்கப் பொருள் இருக்கிறது, தோண்டாதே என்று மேல்வரிகளில் எச்சரிக்கிறது. வருகிறவர்களுக்கு ஆபத்து எதுவுமில்லை என்று கீழ்வரியில் தேற்றுகிறது. ஆபத்தில்லை என்றால் தோண்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேட்டுவிட்டுப் போகலாம். ஆனாலும் வளாகத்துத் தகட்டை எழுதிய பேரறிஞர்களைவிட இந்தக் கல்லை எழுதிய குமாஸ்தா யோக்கியன். கீழே ஏதோ புதைந்திருக்கிறது என்ற வரைக்குமாவது அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.